கக்குவான் இருமல் டெஸ்ட் கிட்: பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் சீட்டைப் படியுங்கள்

பெட்டியின் மேல் "பெர்ட்டூசிஸ் பிசிஆர்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பெர்ட்டூசிஸ் என்பது கக்குவான் இருமல், பிசிஆர் என்பது கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் டெஸ்ட். அது பாதித் தகவல்தான். உள்ளே நான்காக மடித்து வைத்திருக்கும் சீட்டைப் பிரித்து, எந்த ஜீனைத் தேடுகிறது என்ற வரியைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த கிட் நல்லதா கெட்டதா என்று பேச முடியும். கக்குவான் இருமலுக்கென்று விற்கும் மற்ற சாமான்களுக்கும் இதே கதைதான். மூக்கில் விட்டு சாம்பிள் எடுக்கும் ஸ்வாப், கிருமியை வளர்க்கவும் அனுப்பவும் உதவும் மீடியம், ரத்தத்தில் ஆன்டிபாடி அளக்கும் எலைசா கிட் என்று ஒவ்வொன்றுக்கும் வேலை செய்யும் நாட்கள் உண்டு, ஏமாற்றும் நாட்களும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எது தேறும், எது தேறாது என்று சொல்வதுதான் இந்த மதிப்பீடு.

முதலில் காசு செலவில்லாத ஒரு பொருள்: சாம்பிளோடு வரும் விண்ணப்பப் படிவம். அதில் "இருமல் தொடங்கி எத்தனை நாள்" என்ற கட்டம் இல்லையென்றால் எவ்வளவு உயர்ந்த கிட் வாங்கினாலும் வீண். முதல் இரண்டு வாரத்தில் கல்ச்சரும் (கிருமியைப் பிளேட்டில் வளர்த்துப் பார்ப்பது) பிசிஆரும் இரண்டுமே கைகொடுக்கும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் கல்ச்சர் பெரும்பாலும் வெறும் பிளேட்டாகவே நிற்கும், பிசிஆர் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பதுதான் வழி. ஆன்டிபயாடிக் தொடங்கிய தேதியும் அதே படிவத்தில் வேண்டும். சரியான மருந்து ஐந்து நாள் உள்ளே போயிருந்தால் பிசிஆர் நெகட்டிவ் என்பதற்கு மதிப்பில்லை. கல்ச்சர் அதற்கு முன்பே கை விரித்துவிடும்.

ஸ்வாப்: எல்லாம் தொடங்கும் இடமும், கெடும் இடமும்

சாதாரணப் பஞ்சு ஸ்வாப் வாங்கவே வேண்டாம். பஞ்சில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் கக்குவான் கிருமியான பொர்டெடெல்லா பெர்ட்டூசிஸுக்கு நஞ்சு. பிளேட்டில் போடுவதற்குள்ளேயே கிருமி செத்துவிடும். கால்சியம் ஆல்ஜினேட் ஸ்வாப் கல்ச்சருக்குப் பொருந்தும், ஆனால் பிசிஆர் வினையைத் தடுக்கும். "கக்குவானுக்கு ஏற்றது" என்று பழைய கையேடுகளில் படித்துவிட்டு அதை வாங்கி பிசிஆருக்கு அனுப்புபவர்கள் உண்டு. பாலியெஸ்டர், ரேயான், நுனியில் நைலான் இழை தூவிய ஃபிளாக்டு ஸ்வாப், இந்த மூன்றும்தான் பிசிஆருக்குத் தேறும். குச்சி மெலிந்து வளையக்கூடியதாக இருக்க வேண்டும். தொண்டை ஸ்வாபின் தடித்த குச்சி மூக்கின் பின்பகுதிக்குப் போகாது.

அந்தப் பின்பகுதிதான் முக்கியம். இந்தக் கிருமி குற்றிழை (நுண்மயிர்) உள்ள செல்களைப் பிடித்துக்கொண்டு வாழ்வது. தொண்டையில் தடவி எடுத்ததும், மூக்கின் வாசலில் தடவி எடுத்ததும் உதவாது. நோயாளியின் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, ஸ்வாபை மேல்நோக்கிக் குத்தாமல், மூக்கின் தரையை ஒட்டி நேராகப் பின்னோக்கித் தள்ள வேண்டும். மூக்குத் துளைக்கும் காதுத் துளைக்கும் இடையே உள்ள தூரம்தான் அளவுகோல். மெதுவாக முட்டி நின்றதும் சுமார் பத்து விநாடி அங்கேயே வைத்து, லேசாகச் சுழற்றி எடுக்க வேண்டும். கண்ணில் நீர் வரும், குழந்தைக்கு இருமல் வரும். இரண்டுமே வரவில்லை என்றால் ஸ்வாப் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று சந்தேகப்படுவது நல்லது. கைக்குழந்தைகளிடம் ஸ்வாபை விட மூக்கின் பின்பகுதி நீரை உறிஞ்சி எடுப்பது மேல். கிருமியும் கூடுதலாகக் கிடைக்கும், கல்ச்சருக்கும் பிசிஆருக்கும் பங்கு போட்டுக்கொள்ளவும் முடியும்.

ஸ்வாபை எதில் போட்டு அனுப்புவது? பிசிஆருக்கு மட்டும் என்றால் மலட்டுக் குழாயில் உலர்வாகவே அனுப்பலாம். திரவ மீடியத்தில் ஓர் ஆபத்து உண்டு. கையுறையில் ஒட்டியிருக்கும் டிஎன்ஏ குச்சியில் படியும், குச்சி திரவத்தில் மூழ்கியதும் சாம்பிளோடு கலந்துவிடும். இந்த டிஎன்ஏ எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகு பார்ப்போம். கல்ச்சருக்கு என்றால் ரீகன்-லோ டிரான்ஸ்போர்ட் மீடியம், அதாவது கரி சேர்த்த அகார் என்ற கூழைப் பாதி அடர்த்தியில் குதிரை ரத்தத்தோடும் செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக்கோடும் ஊற்றிய குழாய், இதுவரை வந்தவற்றில் சிறந்தது. கரி சேர்த்த ஏமிஸ் மீடியம் 24 மணி நேரத்துக்குள் லேப் சேரும் என்றால் போதும். வார இறுதியில் எடுத்த ஸ்வாப் திங்கள் காலைதான் லேபுக்கு வரும் என்றால் அதை நம்ப வேண்டாம்.

இரண்டு அகார், ஒரு தீர்ப்பு

ஜூல் போர்டேயும் ஆக்தாவ் ஜாங்குவும் 1906-ல் இந்தக் கிருமியை முதன்முதலாக வளர்த்தது உருளைக்கிழங்கு, கிளிசரின், ரத்தம் சேர்ந்த அகாரில். இன்றும் அவர்கள் பெயரிலேயே போர்டே-ஜாங்கு அகார் கிடைக்கிறது. கிருமி அதில் அழகாக வளரும். ஆனால் ரத்தம் 15 முதல் 20 சதவீதம் வேண்டும், ஊற்றிய பிளேட் சில நாட்களில் பழசாகிவிடும். வாரத்துக்கு ஒரு சாம்பிள் வரும் லேபில் இதை வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது. ரீகன்-லோ கரி அகார் குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் தாங்கும். 10 சதவீதம் குதிரை ரத்தம், லிட்டருக்கு 40 மில்லிகிராம் செஃபலெக்சின், மீதி வேலையைக் கரி பார்த்துக்கொள்ளும். கொழுப்பு அமிலங்களையும் பெராக்சைடுகளையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. இரண்டில் ஒன்று என்றால் ரீகன்-லோவையே எடுங்கள்.

லேபிலேயே ஊற்றுவதாக இருந்தால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அகார் 50 டிகிரிக்கு ஆறிய பிறகே ரத்தமும் செஃபலெக்சினும் சேர்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது சேர்த்தால் இரண்டும் கெடும். இன்னொன்று, கரி அடியில் படியும். குடுவையை விடாமல் மெல்லச் சுழற்றிக்கொண்டே ஊற்ற வேண்டும். அசட்டையாக ஊற்றினால் முதல் பிளேட் சாம்பல் நிறத்திலும் கடைசிப் பிளேட் கரிக்கட்டை மாதிரியும் வரும். அந்தத் தொகுதியைக் கண்ணால் பார்த்ததுமே ஒதுக்கிவிடலாம். தயார் பிளேட் வாங்கினாலும் ஒவ்வொரு தொகுதிக்கும் தெரிந்த கிருமியைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெர்ட்டூசிஸுக்கு ஏடிசிசி 9797, அதன் உறவுக்காரக் கிருமியான பாராபெர்ட்டூசிஸுக்கு ஏடிசிசி 15311 (ஏடிசிசி என்ற கிருமிச் சேகரிப்பின் எண்கள்) வழக்கமானவை. பாராபெர்ட்டூசிஸ் எதிலும் வளரும் முரட்டுப் பிள்ளை, அது வளர்ந்ததை வைத்து மீடியத்துக்குச் சான்றிதழ் தராதீர்கள்.

செஃபலெக்சின் மூக்கில் இருக்கும் மற்றக் கிருமிகளை அடக்கத்தான் இருக்கிறது. ஆனால் பெர்ட்டூசிஸில் சில வகைகளையும் அது அமுக்கும். அதே இனத்தின் இன்னொரு கிருமியான பொர்டெடெல்லா ஹோல்மெசியை இன்னும் மோசமாக அமுக்கும். ஆகவே செஃபலெக்சின் உள்ள பிளேட் ஒன்று, இல்லாத பிளேட் ஒன்று என்று ஜோடியாகப் போடுவதே முறை. மிச்சம் பிடிப்பதற்காக ஒன்றோடு நிறுத்தும் லேபுக்கு எந்த நிறுவனத்தின் அகாரும் உதவாது.

இன்குபேட்டர் 35 முதல் 37 டிகிரி. கார்பன் டை ஆக்சைடு தேவையில்லை, ஈரப்பதம்தான் தேவை. மூடியுள்ள பெட்டியில் ஈரப் பஞ்சோடு பிளேட்டை வையுங்கள். ஏழு நாள் வைக்க வேண்டிய பிளேட் மூன்றாம் நாளே விளிம்பில் சுருங்கிப் பிளந்தால் உள்ளே எதையும் எதிர்பார்க்க முடியாது. மூன்றாம் நாளிலிருந்து தினமும் பார்க்க வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, பிளேட்டைச் சாய்த்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் கறுப்புப் பரப்பில் மிகச் சிறிய, உருண்டு திரண்ட, பளபளக்கும் புள்ளிகள் தெரியும். பாதரசத் துளி என்று பாடநூல்களில் எழுதியிருப்பது இதைத்தான். நேர் வெளிச்சத்தில் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. நெகட்டிவ் என்று எழுதிக் குப்பையில் போட்ட பிளேட்டுகளில் எத்தனையில் இது இருந்திருக்குமோ! பாராபெர்ட்டூசிஸ் இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிடும், சற்றுப் பெரிதாக, பழுப்புச் சாயலோடு.

கிராம் ஸ்டெயின் என்ற சாயமிடும் முறையில் இவை சிறிய, வெளிறிய, கிராம் நெகட்டிவ் கோக்கோபேசில்லஸ், அதாவது குட்டைக் கோல்கள். சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தை வழக்கம்போல முப்பது விநாடியில் கழுவினால் ஒன்றும் தெரியாது, இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு ஆக்சிடேஸ், யூரியேஸ் என்ற இரண்டு நொதி டெஸ்டுகள் போதும், ஆளைப் பிரித்துவிடலாம். பெர்ட்டூசிஸ் ஆக்சிடேஸ் பாசிட்டிவ், யூரியேஸ் நெகட்டிவ். பாராபெர்ட்டூசிஸ் நேர் எதிர். அதே இனத்துப் பிராங்கிசெப்டிகா இரண்டிலும் பாசிட்டிவ், யூரியா நான்கு மணி நேரத்திலேயே நிறம் மாறும், நகரவும் செய்யும், மெக்காங்கி அகாரிலும் வளரும். நாய், பூனை, பன்றிகளின் மூச்சுப்பாதையில் இருப்பது இது, எதிர்ப்பாற்றல் குன்றிய மனிதர்களிடம் எப்போதாவது தலை காட்டும். ஹோல்மெசி இரண்டிலும் நெகட்டிவ், பழுப்பு நிறமியை அகாரில் கசியவிடும்.

பிசிஆர் கிட்: பாசிட்டிவ் என்றால் எதற்குப் பாசிட்டிவ்?

சந்தையில் பெரும்பாலான கிட்கள் தேடுவது ஐஎஸ்481 என்ற டிஎன்ஏ துண்டை. காரணம் எளிது. பெர்ட்டூசிஸின் ஒரே ஒரு செல்லில் இது 50 முதல் 200-க்கும் மேற்பட்ட பிரதிகள் வரை இருக்கிறது. கிருமி மிகக் குறைவாக இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். இந்த உணர்திறனுக்குக் கொடுக்கும் விலைதான் பிரச்சினை. 1995-ல் பெயர் பெற்ற ஹோல்மெசியிலும் ஐஎஸ்481 எட்டுப் பத்துப் பிரதிகள் உண்டு. பிராங்கிசெப்டிகாவின் சில வகைகளிலும் உண்டு. ஆகவே ஐஎஸ்481 மட்டும் உள்ள கிட் அரைக்கிணறு தாண்டுவது. பாசிட்டிவ் என்று சொல்லும், எதற்குப் பாசிட்டிவ் என்று சொல்லாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 2010-11-ல் பெர்ட்டூசிஸும் ஹோல்மெசியும் ஒரே நேரத்தில் பரவியிருந்தன. அரைக்கிணறு கிட்டுக்கு அங்கே எல்லாமே ஒரே நோய்தான்.

வாங்கத் தகுந்த கிட்டில் குறைந்தது நான்கு இலக்குகள் இருக்கும்: ஐஎஸ்481, பாராபெர்ட்டூசிஸுக்கு ஐஎஸ்1001, ஹோல்மெசிக்கு அதன் சொந்த ஹெச்-ஐஎஸ்1001, உறுதிப்படுத்த டாக்சின் ஜீனான பிடிஎக்ஸ். கூடவே சாம்பிள் சரிதானா என்று காட்ட மனித ஜீன் ஒன்று கண்ட்ரோலாக வேண்டும், ஆர்நேஸ் பி வழக்கமானது. மனித ஜீன் வரவில்லை என்றால் ஸ்வாப் மூக்கைத் தொடவில்லை, அல்லது சாம்பிளில் ஏதோ வினையைத் தடுக்கிறது. டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் "நெகட்டிவ்" என்று எழுதக் கூடாது, "மறு சாம்பிள் தேவை" என்று எழுத வேண்டும். வெளியிலிருந்து சேர்க்கும் செயற்கைக் கண்ட்ரோல் மட்டும் உள்ள கிட்கள் தடையைச் சொல்லும், ஸ்வாபின் லட்சணத்தைச் சொல்லாது. அதற்காகவே ஒரு மதிப்பெண் குறைக்கலாம்.

இனி ஒரு கணக்கு. பிடிஎக்ஸ் ஜீன் ஒரு செல்லுக்கு ஒரே பிரதி. பிசிஆரில் ஒவ்வொரு சுற்றுக்கும் அளவு இரட்டிக்கும் என்பதால், 50 பிரதி உள்ள ஐஎஸ்481 சுமார் ஐந்தாறு சுற்று முன்னதாகவும், 200 பிரதி என்றால் ஏழெட்டுச் சுற்று முன்னதாகவும் தெரியும். சிக்னல் தெரியத் தொடங்கும் சுற்றின் எண்தான் சிடி மதிப்பு. ஐஎஸ்481-இன் சிடி மதிப்பு 24 என்றால் பிடிஎக்ஸ் 30, 32-ல் கண்டிப்பாக வந்திருக்க வேண்டும். வரவில்லையா, ஹோல்மெசியைத் தேடுங்கள். அதே ஐஎஸ்481 சிடி 36-ல் வந்தால் பிடிஎக்ஸ் 42-க்குப் பிறகுதான் வர முடியும், 40 சுற்றோடு கருவி நின்றுவிடும். அங்கே பிடிஎக்ஸ் நெகட்டிவ் என்பது எதையும் மறுக்கவில்லை. "இரண்டு ஜீனும் வந்தால்தான் பாசிட்டிவ்" என்று கண்ணை மூடிக்கொண்டு மென்பொருளில் விதி எழுதி வைத்திருக்கும் கிட்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை என்று பொருள். இன்னொரு சிக்கலும் உண்டு. பாராபெர்ட்டூசிஸிலும் பிடிஎக்ஸ் ஜீன் உறங்கிக் கிடக்கிறது. டாக்சினை உருவாக்காது, ஆனால் கிட்டின் பிரைமர் (ஜீனைத் தேடி ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) எங்கே ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துச் சிக்னல் தரும். ஐஎஸ்1001-உம் பிடிஎக்ஸும் சேர்ந்து வந்து, ஐஎஸ்481 வரவில்லை என்றால் அது பாராபெர்ட்டூசிஸ்.

சிடி 35-க்குக் கீழே பாசிட்டிவ், 35 முதல் 40 வரை முடிவு சொல்ல முடியாத பகுதி என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் முறையில் வைத்திருக்கும் எல்லை. மற்ற கிட்டுக்கு மற்ற எல்லை, அதை அந்தந்த லேபிலேயே தெரிந்த சாம்பிள்களை ஓட்டி நிர்ணயிக்க வேண்டும். எந்த எல்லையானாலும், 40 வரை வந்ததையெல்லாம் பாசிட்டிவ் என்று அச்சடிக்கும் கிட்டைத் திருப்பி அனுப்புங்கள். நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், டென்னசி மாநிலங்களில் 2004 முதல் 2006 வரை கக்குவான் பரவல் என்று கருதப்பட்டவை பிறகு கக்குவானே அல்ல என்று தெரியவந்தது. பிசிஆரை மட்டும் நம்பியவர்களுக்கு அது நல்ல பாடம்.

மேலே சொன்ன வேற்று டிஎன்ஏ வரும் இடம் பெரும்பாலும் தடுப்பூசி. செல்லற்ற தடுப்பூசிகள் சிலவற்றில் கிருமியின் டிஎன்ஏ பிசிஆரில் தெரியும் அளவுக்கு இருக்கிறது. தடுப்பூசி போடும் அதே மேசையில், அதே கையுறையோடு ஸ்வாப் எடுத்தால் ஆரோக்கியமான குழந்தைக்கும் சிடி 37-ல் ஒரு கோடு எழும். ஸ்வாபை வேறு அறையில் எடுங்கள், கையுறையை மாற்றுங்கள், மேசையைப் பிளீச் கரைசலால் துடையுங்கள். இது கிட்டின் குறை அல்ல. ஆனால் நல்ல கிட்டின் சீட்டில் இந்த எச்சரிக்கை இருக்கும்.

ஒரே குப்பியில் இருபது நோய் பார்க்கும் மூச்சுப்பாதைப் பேனல்களையும் சொல்ல வேண்டும். ஃபிலிம்அரே போன்றவை சுமார் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு தரும், தொழில்நுட்பருக்கு வேலையும் குறைவு. ஃபிலிம்அரே பெர்ட்டூசிஸுக்குத் தேடுவது பிடிஎக்ஸ் ஜீனின் தொடக்கப் பகுதி. ஹோல்மெசி இடையே புகாது என்பது இதன் லாபம், ஒற்றைப் பிரதி என்பதால் கிருமி குறைவான சாம்பிளை நழுவ விடும் என்பது நட்டம். தீவிர சிகிச்சையில் கிடக்கும் குழந்தைக்கு இன்றிரவே என்ன என்று தெரிய வேண்டும் என்றால் நல்ல பொருள். மூன்றாவது வாரத்தில் இருமிக்கொண்டு வரும் பெரியவருக்கு இதில் நெகட்டிவ் வந்தால் கக்குவான் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எலைசா

ஆன்டிபாடி கிட் வாங்கும்போது மூன்று விஷயம் பார்த்தால் போதும். ஆன்டிஜென் சுத்திகரித்த பெர்ட்டூசிஸ் டாக்சின் மட்டுமா? கிருமியின் இன்னொரு புரதமான எஃப்ஹெச்ஏ கலந்திருந்தால் மற்ற பொர்டெடெல்லாக்களுக்கும் ஹீமோஃபிலஸ் என்ற கிருமிக்கும் எதிரான ஆன்டிபாடிகள் குறுக்கே வந்து குழப்பும். முழுக் கிருமியை அரைத்துப் பூசிய கிட்கள் இன்னும் விற்கின்றன, அவற்றைத் தொடவே வேண்டாம். அளப்பது ஐஜிஜி வகை ஆன்டிபாடியையா? ஐஜிஎம் மட்டும் பார்க்கும் கிட்டுக்கு இந்த நோயில் இடமில்லை. முடிவு சர்வதேச அலகில் வருகிறதா, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் 06/140 என்ற தர சீரத்தோடு ஒப்பிட்டு அளவிட்டதா? "விகிதம் 1.3" என்று தரும் கிட்டின் முடிவை இன்னொரு லேபின் முடிவோடு ஒப்பிடவே முடியாது.

ஒற்றை சாம்பிளில் பாசிட்டிவ் எல்லையை ஆய்வகங்கள் மி.லி.க்கு 50 முதல் 120 அலகு வரை எங்கோ ஓரிடத்தில் வைக்கின்றன. நடுவில் விழுந்தால் சில வாரம் கழித்து இன்னொரு சாம்பிள் எடுத்து, இரண்டையும் ஒரே பிளேட்டில் ஓட்ட வேண்டும். கடந்த ஓராண்டுக்குள் தடுப்பூசி போட்டவரிடம் இந்த டெஸ்ட் அர்த்தமற்றது, தடுப்பூசிக்கும் நோய்க்கும் ஆன்டிபாடி ஒன்றுதான். கைக்குழந்தைகளிடம் தாயின் ஆன்டிபாடியே ஓடிக்கொண்டிருக்கும். பாராபெர்ட்டூசிஸ் டாக்சினை உருவாக்காது என்பதால் அங்கேயும் இது வாய் திறக்காது. இருமல் தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம், இழுத்தால் பன்னிரண்டு, அதுவும் பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும். இந்த எல்லைக்குள் எலைசா நம்பகமான பொருள்தான்.

ஒளிரும் ஆன்டிபாடி ஸ்டெயின் கிட் பற்றி ஒரு வரி: இல்லாததைக் காட்டும், இருப்பதை விட்டுவிடும், வாங்காதீர்கள்.

பிசிஆர் வந்தபிறகு கல்ச்சர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் வேலை செய்யாத பெர்ட்டூசிஸ் 1994-ல் அரிசோனாவில் முதலில் தெரிந்தது, சீனாவில் இப்போது பரவலாக இருக்கிறது. காரணம் 23எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ ஜீனின் 2047-ஆம் இடத்தில் அடினைன் இருக்க வேண்டிய இடத்தில் குவானைன் வந்திருப்பது. சாதாரண பிசிஆர் கிட் எதுவும் இதைப் பார்ப்பதில்லை. உயிருள்ள கிருமி கையில் இருந்தால் செஃபலெக்சின் சேர்க்காத கரி அகாரில் 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் டிஸ்க் ஒன்றை வைத்தால் போதும். டிஸ்க்கின் விளிம்புவரை கிருமி வளர்ந்து நின்றால் மருந்து மாற வேண்டும். மருந்து ஐந்து நாள் கொடுத்தும் பிசிஆர் சிடி ஏறாமல் நிற்கும் நோயாளிகளிடமாவது இந்தப் பிளேட்டைப் போட வேண்டும். அங்கே தேவைப்படுவது சிடியைப் பார்த்துச் சந்தேகப்படும் ஆள்தான், டிஸ்க்கும் அகாரும் எளிதில் கிடைப்பவை.

மாதத்துக்கு நாலைந்து சாம்பிள் மட்டும் வரும் சிறிய லேப் இந்தக் கிட்கள் எதையுமே வாங்க வேண்டியதில்லை. ஃபிளாக்டு ஸ்வாப் ஒரு பெட்டி, ரீகன்-லோ டிரான்ஸ்போர்ட் குழாய் ஒரு டஜன், குளிர்பெட்டியில் தேதி பார்த்து மாற்ற ஓர் ஆள், அனுப்பி வைக்க ஒரு பெரிய லேப். போகும் படிவத்தில் இருமலின் நாளும் மருந்து தொடங்கிய தேதியும். திரும்பி வரும் ரிப்போர்ட்டில் "பெர்ட்டூசிஸ் பிசிஆர்: நெகட்டிவ்" என்று மட்டும் இருந்தால், எந்த ஜீன், என்ன சிடி எல்லை, மனித ஜீன் வந்ததா என்று போன் போட்டுக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத லேபுக்கு அடுத்த சாம்பிளை அனுப்ப வேண்டாம்.